சிறுவர்களுக்குக் குரல் தந்த சுவாமிகள்

1918-ம் ஆண்டு. மதுரை நகரம். ஒரு நாடகக் கம்பெனி வீடு.

கூடத்தில் பாய் விரித்திருக்கிறது. அதில் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் பொடியன்கள். ஆறு வயதுப் பையன்கூட இருக்கிறான். ஒரு பக்கம் ஆர்மோனியப் பெட்டி. இன்னொரு பக்கம் மிருதங்கம்.

இன்றைக்குப் புது நாடகத்துக்குப் பாடம் ஆரம்பம். யாருக்கு ராஜா வேஷம்? யாருக்கு ராணி வேஷம்? யாருக்கு வெறும் சேவகன் வேஷம்? பையன்களின் நெஞ்சு படபடக்கிறது.

வாத்தியார் வந்து உட்காருகிறார். கல்யாணம் ஆகாதவர். துறவியைப் போல் வாழ்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் மேடையில் நின்று முழங்கியவர். இப்போது அவர் வேஷம் போடுவதில்லை. தம்முடைய குரலையெல்லாம் இந்தச் சிறுவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று நாடக உலகம் அவரைப் போற்றுகிறது.

உப்புக் கணக்கர்

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி என்று ஓர் ஊர். அங்கே 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் பெயர் தாமோதரன். தாயார் பேச்சியம்மாள். பிள்ளைக்குச் சங்கரன் என்று பெயர் வைத்தார்கள்.

தகப்பனார் தமிழ் படித்தவர். ராமாயணத்தில் கரை கண்டவர். ராமாயணப் புலவர் என்றே ஊரார் அவரை அழைத்தார்கள். மகனுக்கு முதல் வாத்தியார் அவர்தான்.

பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் தமிழ் கற்றார். அவரிடம் பாடம் கேட்ட மற்றொருவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். இருவருமே பிற்காலத்தில் நாடகம் எழுதிப் பேர் வாங்கினார்கள்.

சங்கரனுக்குப் பதினாறு வயதிலேயே பாட்டுக் கட்ட வந்துவிட்டது. வெண்பா வந்தது. விருத்தம் வந்தது. ஆனால் பாட்டு வயிற்றுக்குச் சோறு போடுமா? உப்பு வியாபாரம் நடக்கும் கம்பெனி ஒன்றில் அவர் கணக்கு எழுதப் போனார்.

பகலெல்லாம் உப்பு மூட்டைக் கணக்கு. மனமெல்லாம் தமிழ்ப் பாட்டு. இப்படிச் சில காலம் ஓடியது. 24 வயதில் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். நாடகத்துக்குப் போய்விட்டார். அது 1891-ம் ஆண்டு.

அந்தக் காலத்து நாடகம்

அந்த நாளில் நாடகம் எப்படி இருந்தது?

வேலூர், ஆர்க்காடு, மேல்விஷாரம், ஆம்பூர் வட்டாரத்துக் கிராமங்களில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். இன்றும் வடமாவட்டங்களில் அந்தக் கலை உயிரோடு இருக்கிறது. மேடை கிடையாது. தெருவே மேடை. அர்ச்சுனனும் துரியோதனனும் மண் தரையில் நின்று ஆடுவார்கள். பாட்டுத்தான் பிரதானம்.

தெற்கே மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் வேறொரு வகை வளர்ந்தது. கீற்றுக் கொட்டகை போட்டார்கள். மேடை கட்டினார்கள். அரண்மனை, காடு, தெரு என்று சித்திரம் எழுதிய திரைச் சீலைகளைத் தொங்கவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். இதுதான் நாடகக் கம்பெனி.

ஆனால் கம்பெனி நாடகத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. பாட்டுக்கள் இருக்கும். வசனம் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மேடைக்கு வந்த நடிகர் தமக்குத் தோன்றியதைப் பேசுவார். எதிரே நிற்பவர் தமக்குத் தோன்றியதைப் பதில் சொல்வார். இன்றைக்குப் பேசியது நாளைக்கு வராது. கதை எங்கேயோ போய்விடும்.

சங்கரன் அதை மாற்றினார். கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்தார். பாட்டு எழுதினார். பாட்டுக்கு நடுவே பேச வேண்டிய வசனத்தையும் எழுதினார். யார் எப்போது வரவேண்டும், என்ன பேசவேண்டும் என்பதெல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

எழுதியதோடு நிற்கவில்லை. தாமே வேஷமும் கட்டினார்.

எமன் வேஷம்

அவருக்கு வாட்டசாட்டமான உடம்பு. கம்பீரமான குரல். ஆகவே ராவணன், இரணியன், எமன், சனீசுவரன் என்று பயங்கரமான வேஷங்களே அவரைத் தேடி வந்தன. அவர் மேடைக்கு வந்தால் முன் வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

நாடக உலகில் அவரைப் பற்றி இரண்டு சம்பவங்களை வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒரு நாள் நளன் கதை. அவருக்குச் சனீசுவரன் வேஷம். உடம்பெல்லாம் கறுப்பு மை. நாடகம் முடியும்போது பொழுது விடியும் நேரம். வேஷத்தைக் கழுவுவதற்காக அவர் நீர்நிலைக்குப் போனார். அரை இருட்டில் தண்ணீருக்கு வந்த ஒரு பெண் அந்தக் கறுத்த உருவத்தைப் பார்த்தாள். பயத்தில் அலறி விழுந்தாள். அவள் உயிர் பிரிந்துவிட்டது என்பார்கள்.

இன்னொரு நாள் சாவித்திரி நாடகம். அவருக்கு எமன் வேஷம். பாசக்கயிற்றோடு அவர் கர்ஜனை செய்துகொண்டு வந்தார். கொட்டகையில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சி அடைந்தாள். அவளுடைய கர்ப்பம் கலைந்துவிட்டது என்பார்கள்.

ஜனங்கள் இதை அவருடைய நடிப்பின் பெருமையாகப் பேசினார்கள். வேறொருவராக இருந்தால் மார்தட்டிக் கொண்டிருப்பார். சங்கரன் மனம் உடைந்து போனார். பார்க்க வந்தவர்களை மகிழ்விக்க வேண்டிய கலை ஓர் உயிரைக் குடிப்பதா? இந்தக் கேள்வி அவரை அரித்தது. வேஷம் கட்டுவதை விட்டார்.

மேடையை விட்டது மட்டுமல்ல, ஊரையும் விட்டார். க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகத் தீர்த்த யாத்திரை போனார். அதற்குப் பிறகுதான் சங்கரன், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார்.

மீண்டும் அழைத்து வந்தவர்

அவரைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு சங்கீத வித்துவான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா வாத்தியத்தைச் சங்கீத மேடைக்குக் கொண்டுவந்த மேதை அவர். தாளக் கணக்கில் அவருக்கு ஈடு இல்லை.

மான்பூண்டியா பிள்ளைக்குச் சுவாமிகள் மேல் அளவில்லாத பிரியம். சொந்த மகனைப் போல் பாவித்தார். தமிழும் இசையும் தெரிந்த பிள்ளை இப்படி ஊர் ஊராகத் திரியலாமா என்று அவர் மனம் வருந்தியது. தம்மோடு வைத்துக்கொண்டார். தாளத்தின் நுணுக்கங்களைச் சுவாமிகள் அவரிடம் கற்றார். பிறகு அவருடைய வற்புறுத்தலால் மறுபடி நாடகத்துக்கு வந்தார்.

இந்த முறை ஆசிரியராகவே வந்தார்.

பல நாடக சபைகள் அவரை அழைத்தன. வள்ளி வைத்தியநாதய்யர் சபை. அல்லி பரமேசுவர ஐயர் சபை. வேலு நாயர் சபை. வள்ளி, அல்லி என்பதெல்லாம் அந்த நடிகர்கள் போட்டுப் புகழ் பெற்ற வேஷங்களின் பெயர். ஆண்களே பெண் வேஷம் போட்ட காலம் அது. வேஷத்தின் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சுவாமிகளின் நாடகங்கள் பெருகின. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, சுலோசனா சதி, பிரகலாதன், சதி அனுசூயா, லவகுசா, நல்லதங்காள் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். இங்கிலீஷ் மகாகவி ஷேக்ஸ்பியர் எழுதிய சிம்பலின் நாடகத்தையும் தமிழ் மேடைக்கு ஏற்றபடி செய்து தந்தார்.

ஏன் சிறுவர்கள்?

நாடகம் நன்றாக எழுதியாகிவிட்டது. எழுதியபடி நடிப்பவர்கள் வேண்டாமா? அங்கேதான் தொல்லை.

பேர் வாங்கிய நடிகர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட மாட்டார்கள். சிலர் குடித்துவிட்டு மேடைக்கு வருவார்கள். சிலர் ஒத்திகைக்கே வர மாட்டார்கள். ராஜாவும் ராணியும் கதையை மறந்துவிட்டு, யார் பெரிய பாடகர் என்று பாட்டிலே மல்யுத்தம் செய்வார்கள். மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கிக் கேள்வி கேட்பார்கள். ஜனங்கள் கைதட்டுவார்கள். கோவலன் கதையோ பாதியில் நிற்கும். சம்பளம் கூடக் கிடைத்தால் அடுத்த நாளே வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

முற்றிய மரத்தை வளைக்க முடியாது என்று சுவாமிகள் கண்டார். இளங்கன்றாக இருந்தால் வளைக்கலாம். 1910-ம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை அவர் ஏற்படுத்தினார். பின்னாளில் தம் கந்தர்வக் குரலால் தமிழ்நாட்டை மயக்கிய எஸ்.ஜி. கிட்டப்பா சிறு பையனாக அங்கே பயிற்சி பெற்றார்.

மதுரையில் ஜகந்நாத ஐயர் சிறுவர்களைச் சேர்த்துப் பால மீன ரஞ்சனி சங்கீத சபையை நடத்தினார். அங்கேயும் சுவாமிகள் ஆசிரியராக இருந்தார். பிறகு 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை மதுரையில் தோன்றியது. பணம் போட்டவர்கள் வேறு சிலர். ஆனால் சபைக்கு உயிர் சுவாமிகள்தான்.

முழுக்க முழுக்கச் சிறுவர்களே நடிக்கும் கம்பெனி என்றால் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் இது உலகத்துக்குப் புதிதல்ல. சுமார் 1600-ம் ஆண்டுவாக்கில், ஷேக்ஸ்பியர் வாழ்ந்த லண்டன் நகரத்திலும் இப்படிப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் இருந்தன. கோயிலில் பாடும் பையன்களே அரண்மனையிலும் கொட்டகையிலும் நாடகம் ஆடினார்கள். பெரிய நடிகர்கள் இவர்களோடு போட்டி போட வேண்டியிருந்தது. மதுரையிலும் அதுதான் நடந்தது. பிள்ளைகளின் நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள்.

பாடம் ஆரம்பம்

மறுபடி அந்தக் கம்பெனி வீட்டுக்கே போவோம். புது நாடகத்துக்கு எப்படிப் பாடம் நடக்கும்?

முதலில் வேஷம் பங்கிடுவார்கள். நல்ல குரலும் எடுப்பான முகமும் உள்ள பையனுக்கு ராஜபார்ட். அதாவது கதாநாயகன் வேஷம். மென்மையான குரலும் சாயலும் உள்ளவனுக்கு ஸ்திரீபார்ட். அதாவது பெண் வேஷம். துடுக்குத்தனமாகப் பேசுகிறவனுக்குப் பபூன் வேஷம். ஜனங்களைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. மிச்சம் இருப்பவர்கள் தோழி, சேவகன், ரிஷிகுமாரன். அன்றைக்குச் சேவகனாக நிற்பவன் நாளைக்கு ராஜாவாகலாம். அந்த ஆசையில்தான் ஒவ்வொருவனும் எல்லா வேஷத்தின் பாடத்தையும் காதில் வாங்கிக்கொள்வான்.

அடுத்தது பாட்டு. அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே உச்ச சுருதியில் பாடப் பழக வேண்டும். விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்ய வேண்டும். ஆர்மோனியம் சுருதி கொடுக்கும். பையன்கள் தொண்டை திறந்து பாடுவார்கள்.

அடுத்தது வசனம். எழுத்துத் தெரியாத பையனும் கம்பெனியில் இருப்பான். அவனுக்கு வாய்ப்பாடம்தான். வாத்தியார் ஒரு தடவை சொல்வார். பையன் திருப்பிச் சொல்வான். சொல் தேய்ந்தால் மறுபடி சொல்ல வேண்டும். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காத எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு நாடகப் பாடமே தமிழ்ப் பாடமாக இருந்தது. வெண்பா என்றால் என்ன, விருத்தம் என்றால் என்ன என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. பாடிப் பாடித் தெரிந்துகொண்டார்கள்.

பாட்டும் வசனமும் நெஞ்சில் பதிந்த பிறகு எழுந்து நின்று நடிக்கும் ஒத்திகை. எந்தப் பக்கம் வருவது, எங்கே நிற்பது, கையை எப்படி எடுப்பது எல்லாம் அப்போதுதான். கடைசியில் பின்பாட்டு, மிருதங்கம், வேஷம் எல்லாவற்றோடும் முழு ஒத்திகை. அது முடிந்தால்தான் மேடை.

சுவாமிகளுக்குப் பிள்ளைகள் மேல் மிகுந்த வாஞ்சை. கோபமும் உண்டு. சொல் பிழைத்தால் பொறுக்க மாட்டார். மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசும் வழக்கம் இந்தச் சபையில் செல்லாது. எழுதியது எழுதியபடி வரவேண்டும். பெரிய நடிகர்களிடம் அவருக்குக் கிடைக்காத அந்த ஒழுங்கைச் சின்னப் பிள்ளைகள் அவருக்குக் கொடுத்தார்கள்.

இனிப்பும் கசப்பும்

இந்த வாழ்க்கை பையன்களுக்கு இனிப்பாக மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது.

பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் இரண்டு வேளைச் சோறு கிடைக்காத காரணத்தால் பெற்றோர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். சில வருஷங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். கம்பெனியில் சாப்பாடு, துணி, படுக்க இடம் கிடைக்கும். சொற்பச் சம்பளம் வீட்டுக்குப் போகும். தாய் முகத்தைப் பார்த்து மாதக் கணக்காகும். இரவு தலையணைக்குள் அழுத பிள்ளைகள் எத்தனையோ.

நாடகம் இரவு ஒன்பது, பத்து மணிக்குமேல் தொடங்கும். முடிவதற்கு விடியற்காலை ஆகிவிடும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆனால் திரை தூக்கினால் சாவித்திரி கண்ணீர் விட்டே ஆகவேண்டும். பாடம் வராவிட்டால் பிரம்படி. பல பாய்ஸ் கம்பெனிகளில் அடி மிகவும் கடுமையாக இருந்தது. தாங்க முடியாமல் இரவோடு இரவாக ஓடிப்போன பையன்களும் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும். நேற்று வரை குயில் மாதிரி பாடியவன் இன்று கரகரவென்று பேசுவான். அத்தோடு ராஜபார்ட்டும் போகும். ஸ்திரீபார்ட்டும் போகும். குரல் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் திரைச் சீலை இழுக்க வேண்டும். அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும். படிப்பும் இருக்காது. வேறு தொழிலும் தெரியாது.

இன்றைக்குச் சட்டம் குழந்தைகளை இப்படி வேலைக்கு அனுப்ப விடாது. அது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு வேறு கதவு திறக்காத வீடுகளுக்கு நாடகக் கம்பெனி ஒரு கதவைத் திறந்தது என்பதும் உண்மை. அந்தக் கதவுக்கு உள்ளே யார் வாத்தியாராக இருந்தார் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் தலையெழுத்து அமைந்தது.

ஒரே இரவில் ஒரு நாடகம்

சபை தொடங்கிய 1918-ம் ஆண்டிலேயே மூன்று சகோதரர்கள் அங்கே சேர்ந்தார்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம். இவர்களுடைய தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை. அவரும் பெண் வேஷத்தில் பேர் பெற்ற நடிகர். சுவாமிகளுக்கு வேண்டியவர். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழகமே கொண்டாடியது இவர்களைத்தான்.

மூன்றாமவன் சண்முகம். அப்போது அவனுக்கு ஆறு வயது. பாட்டைக் கேட்டால் உடனே பிடித்துக்கொள்வான். சுவாமிகளுக்கு அவன் மேல் தனிப் பிரியம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர் வேஷம் பொருந்துவது கஷ்டம். சிறுவனே கதாநாயகனாக வரும் கதை வேண்டும். மகாபாரதத்தில் அப்படி ஒருவன் இருக்கிறான். அர்ச்சுனன் மகன் அபிமன்யு. வீரமும் இளமையும் கலந்தவன்.

சுவாமிகள் ஓர் இரவு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் உறங்கியது. கம்பெனி வீடு உறங்கியது. அவருடைய பேனா மட்டும் உறங்கவில்லை. பொழுது விடிந்தபோது அபிமன்யு சுந்தரி நாடகம் தயாராக இருந்தது. பாட்டு, விருத்தம், வசனம் எல்லாம் முடிந்துவிட்டன. அடித்தல் திருத்தல் இல்லை. பல மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம் ஒரே இரவில் பிறந்தது. நாடக உலகம் இன்றும் இதை வியந்து பேசுகிறது.

அபிமன்யு வேஷம் சிறுவன் சண்முகத்துக்குக் கிடைத்தது.

எமனாக வந்து கர்ப்பிணியைக் கலங்க வைத்தவர், இப்போது ஒரு சிறுவனை வீரனாக மேடையேற்றித் தாய்மார்களை மகிழ வைத்தார்.

பேச்சு நின்றது

சபை ஊர் ஊராகப் போயிற்று. போன இடமெல்லாம் கொட்டகை நிரம்பியது. 1921-ல் சபை சென்னையில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இடி விழுந்தது. சுவாமிகளைப் பாரிசவாயு தாக்கியது. கை கால் முடங்கின. வாயும் அடைத்துவிட்டது. வைத்தியம் செய்தார்கள். உயிர் பிழைத்தது. பேச்சு திரும்பவில்லை.

இதைவிடக் கொடுமை ஓர் ஆசிரியருக்கு வேறு என்ன இருக்க முடியும்? நாவன்மையே அவருடைய செல்வம். நினைத்த மாத்திரத்தில் கவி பொழிந்த நாக்கு அது. ஒரு சொல் தேய்ந்தாலும் திருத்திய நாக்கு அது. இப்போது தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட அதற்குச் சக்தி இல்லை.

அவர் சபையை விட்டுப் பிரியவில்லை. சபையும் அவரை விடவில்லை. சபை போன ஊருக்கெல்லாம் அவரும் போனார்.

இரவானால் மேடையில் திரை உயரும். பிள்ளைகள் பாடுவார்கள். பேசுவார்கள். அவ்வளவும் அவர் எழுதிய பாட்டு. அவர் சொல்லிக் கொடுத்த பேச்சு. ழகரம் ழகரமாகவே ஒலிக்கும். குருவின் வாய் மூடிவிட்டது. ஆனால் பல பிள்ளைகளின் வாய் அவருக்காகத் திறந்திருந்தது. மேடையை விட்டு ஒதுங்கியபோது அவர் பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்தார். அவர் குரல் போனபோது பிள்ளைகள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. திங்கட்கிழமை. புதுச்சேரியில் சுவாமிகளின் உயிர் பிரிந்தது. வயது 55. கருவடிக்குப்பத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருக்கு மனைவி இல்லை. மக்கள் இல்லை. சபைப் பிள்ளைகளே பிள்ளைகள்.

அவர் விதைத்தது

சுவாமிகள் சொத்து எதுவும் சேர்க்கவில்லை. எழுதிய நாடகங்களில் பல அவர் இருந்தபோது அச்சுக்குக்கூட வரவில்லை. பிள்ளைகளின் நெஞ்சிலேதான் அவை இருந்தன. ஆனால் அங்கே பத்திரமாக இருந்தன.

1925-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அந்தச் சபையில் வளர்ந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம்.ஜி. ராமச்சந்திரனும் பி.யு. சின்னப்பாவும் வந்தார்கள். ஜகந்நாத ஐயர் கம்பெனியிலிருந்து நவாப் ராஜமாணிக்கமும் எம்.ஆர். ராதாவும் வந்தார்கள். பேசும் படம் வந்தபோது அதில் வசனம் பேசவும் பாடவும் தயாராக இருந்தவர்கள் இந்தப் பாய்ஸ் கம்பெனிப் பையன்கள்தான். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934-ல் முதன்முதலாகச் சினிமாவில் தோன்றியது பவளக்கொடி படத்தில். மேடையில் சுவாமிகள் பிரபலமாக்கிய அதே கதை.

சிறுவன் சண்முகம் வளர்ந்தார். 1942-ல் ஒளவையார் நாடகத்தில் ஒளவைக் கிழவியாக நடித்தார். ஒளவை சண்முகம் என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது. எவ்வளவு புகழ் வந்தாலும் அவர் தம் குருவை மறக்கவில்லை. சுவாமிகளின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அவருடைய பெயரை ஊர் ஊராகப் பரப்பினார். சுவாமிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சீடர் சொல்லி வைத்ததுதான். 1973-ல் அவர் காலமானார்.

மதுரையில் இன்று சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கருவடிக்குப்பத்துச் சமாதிக்கு ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் வந்து மலர் தூவி வணங்குகிறார்கள்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா வந்தால் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் ஒலிக்கிறது. ஊர்ஜனம் பாயை விரித்துக்கொண்டு உட்காருகிறது. வள்ளியும் வேடனும் வாதாடுகிறார்கள். குழந்தைகள் தாய் மடியில் சாய்ந்தபடி கண் கொட்டாமல் பார்க்கின்றன.

அந்தக் குழந்தைகள் பயந்து முகத்தை மூடிக்கொள்ளவில்லை. சிரிக்கின்றன. சுவாமிகள் விரும்பியது அதைத்தான்.